ஆய்வேட்டுக்குத் தலைப்பிடும் முன்

எம்.டெக். படிப்பில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் ஈட்டவேண்டிய மதிப்பலகுகள், ஏ.ஐ.சி.டி.இ. 2018ஆம் ஆண்டு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி, 68 ஆகும். கல்லூரி வட்டாரங்களில் ‘கிரெடிட்’ என்று வழங்கப்படுவது இதுவே. அந்த 68இல் 26 மதிப்பலகுகள் ஒரேயொரு பணிக்கு உரியவை. மூன்றாம் பருவத்தில் 10, நான்காம் பருவத்தில் 16 என இரு கட்டங்களாக நடைபெறும் ஆய்வேடுதான் அது. முதற்பருவத் தேர்வுத் தேதிகளை மனப்பாடமாகச் சொல்லும் பெற்றோருக்குக்கூட, படிப்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது இந்த ஒரு பணியில் அடங்கியிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. கல்விக் கடனின் கடைசித் தவணைக்காக வங்கிக்கு வரும்போதுதான் ‘புராஜெக்ட்’ என்ற சொல் உரையாடலில் முதன்முறையாக எழுகிறது.

கடன் பெற்றுப் படிக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் மதிப்பெண் தொடர்பான செய்தியன்று. ஆய்வேடு ஒரு பருவம் தள்ளிப்போனால் பட்டமும் தள்ளிப்போகும். வளாக நேர்காணலில் கிடைத்த பணி ஆணை பட்டச் சான்றை எதிர்பார்த்தே நிற்கும். வட்டியோ எவருக்காகவும் நிற்பதில்லை. இத்தகைய தாமதத்தின் காரணத்தைத் தேடிச் சென்றால், பல நேரங்களில் அது ஆய்வுக்கூடத்தில் இருப்பதில்லை. மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் அவசரமாக எழுதப்பட்ட நான்கைந்து பக்க முன்மொழிவில் இருக்கிறது.

பொறியியல் நம் துறையன்று. ஆயினும், திட்ட அறிக்கைகளைப் படிப்பது நம் அன்றாடப் பணி. ஒருவர் ‘ஜவுளித் தொழிலில் இறங்க விரும்புகிறேன்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், அதன்மேல் நாம் எந்த முடிவும் எடுக்க இயலாது. எத்தனை தறிகள், எந்த நூல், மின் இணைப்பு எப்போது கிடைக்கும், முதல் விற்பனை எந்த மாதத்தில் என்ற வினாக்களுக்கு விடை இருந்தால்தான் அது திட்டமாகும். முதுநிலை மாணவரின் ஆய்வு முன்மொழிவும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். துறைக் குழுவின்முன் அவர் கேட்பது பணமன்று, ஓராண்டுக் காலம். அந்த ஓராண்டில் தனியொருவர் எதனை அளந்து முடிக்க இயலும் என்ற கணக்கே முன்மொழிவின் உயிர். தலைப்பு அந்தக் கணக்குக்குப் பின்னால் வரவேண்டியது.

காலத்தையே முதலில் எண்ணிப் பார்ப்போம். மாதிரிப் பாடத்திட்டம் ஆய்வேட்டுக்கென மூன்றாம் பருவத்தில் வாரம் 20 மணி நேரமும், நான்காம் பருவத்தில் வாரம் 32 மணி நேரமும் ஒதுக்குகிறது. பருவத்துக்கு 16 வாரங்கள் எனக் கொண்டால் மொத்தம் 832 மணி நேரம். வேலைவாய்ப்பு நேர்காணல்கள் மூன்றாம் பருவத்திலேயே தொடங்கிவிடும். திருவிழா விடுமுறைகள் உண்டு. நெறியாளர் கருத்தரங்குக்குச் செல்லும் வாரங்கள் உண்டு. ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 665 மணி நேரம். படித்தல், சோதித்தல், எழுதுதல் அனைத்தும் அதற்குள் அடங்கவேண்டும்.

பொருள் வேறு, வினா வேறு

‘நீடித்த கட்டுமானப் பொருள்கள் பற்றிய ஓர் ஆய்வு’ என்ற தொடர் பார்வைக்குத் தலைப்புப் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு நூலகத்தின் அலமாரிப் பெயர். எதனை எதனோடு ஒப்பிடப் போகிறார், எந்த அளவையால் அளக்கப் போகிறார், எந்த எல்லையில் நிறுத்திக்கொள்வார் என்ற மூன்றும் அதில் இல்லை. அலமாரியிலிருந்து வினாவுக்கு வந்து சேரும் வழியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

நகரங்களில் பழைய கட்டடங்கள் இடிக்கப்படும்போது குவியும் இடிபாடுகளைக் கையாள 2016ஆம் ஆண்டு நடுவண் அரசு தனி விதிகளை வகுத்தது. தில்லி புராரியில் இடிபாடுகளை உடைத்துத் தரம் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் ஆலை அதற்கு முன்பே இயங்கத் தொடங்கியிருந்தது. கட்டுமானப் பொறியியல் மாணவர் பலரை இந்தப் பொருள் ஈர்ப்பது இயல்பு. அவர் முதலில் திறக்கவேண்டியது ஆய்விதழை அன்று, ஐ.எஸ். 383 என்னும் இந்தியத் தர விதியை. அதன் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெறும் ஜல்லியைப் புதிய கான்கிரீட்டில் கலப்பதற்கு வரம்புடன் இடமளிக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் பெருஞ்ஜல்லியின் 25 விழுக்காடு வரை கலக்கலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில், எம்25 தரம் வரை மட்டும், 20 விழுக்காடு கலக்கலாம். எம்15க்குக் குறைந்த மெலிந்த கலவையில் முழுவதுமே அதனைப் பயன்படுத்தலாம்.

இந்த ஒரு பக்கத்தைப் படிக்காத மாணவர், ‘20 விழுக்காடு மறுசுழற்சி ஜல்லி கலந்த கான்கிரீட் பயன்படுமா’ என்று முன்மொழிவு எழுதுகிறார். நாடு முன்னரே விடை சொல்லிவிட்ட வினா அது. படித்தவரோ வரம்புக்கு அப்பால் நோக்குகிறார். தம் ஊரில் இடிக்கப்படும் கட்டடங்களிலிருந்து கிடைக்கும் ஜல்லியை 30, 40, 50 விழுக்காடு கலந்தால் 28 நாள் வலிமையும் 90 நாள் வலிமையும் எவ்வளவு குறைகின்றன என்று கேட்கிறார். பழைய ஜல்லியின்மேல் ஒட்டியிருக்கும் காரை நீரை மிகுதியாக உறிஞ்சும். உறிஞ்சும் அளவு ஊருக்கு ஊர், இடிபாட்டுக்கு இடிபாடு மாறும். எனவே அந்த ஊர் ஜல்லியை வைத்துச் செய்யும் சோதனைக்கு ஒரு பயன் இருக்கிறது. உலகெங்கும் இப்பொருளில் ஏராளமான கட்டுரைகள் வெளிவந்திருப்பினும் அந்தப் பயன் மறைந்துவிடாது.

இனி அந்த வினாவுக்கு என்ன செலவாகும் என்று பார்ப்போம். மறுசுழற்சி ஜல்லி இல்லாத கலவை ஒன்று. 20, 30, 40, 50 விழுக்காட்டில் நான்கு. ஆக ஐந்து கலவைகள். ஒவ்வொன்றையும் 7, 28, 90 நாள்களில் சோதிக்கவேண்டும். ஒரு சோதனைக்கு மூன்று கனசதுரங்கள் தேவை. அம்மூன்றின் சராசரியே முடிவாகக் கொள்ளப்படும். ஐந்து, மூன்று, மூன்று எனப் பெருக்கினால் 45 கனசதுரங்கள். பக்கத்துக்கு 150 மி.மீ. கொண்ட ஒரு கனசதுரம் எட்டு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 365 கிலோ கான்கிரீட். ஒரு கனமீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்று வைத்துக்கொண்டால் தேவைப்படுவது 61 கிலோ. சேதாரத்தையும் சேர்த்து இரண்டு மூட்டைகள் போதும். பொருள்செலவு அச்சுறுத்துவதன்று.

அச்சுறுத்தவேண்டியவை வேறு. ஆய்வுக்கூடத்தில் எத்தனை வார்ப்பு அச்சுகள் உள்ளன? ஒரு கலவைக்கு ஒன்பது கனசதுரங்கள். அச்சுகள் பன்னிரண்டு இருந்தால் நாளுக்கு ஒரு கலவை வீதம் ஐந்து வார்ப்பு நாள்களில் வேலை முடியும். ஆறு மட்டுமே இருந்தால் ஒரே கலவையை இரு நாள்களில் பிரித்து வார்க்க நேரும். இரு நாள்களின் ஈரப்பதமும் கலக்கும் கையும் வேறுபடும். அமுக்கச் சோதனை இயந்திரம் யாருடைய பொறுப்பில் உள்ளது? இளநிலை மாணவர்களின் திட்டப்பணிகளும் அதே மாதங்களில் அதே இயந்திரத்தின்முன் வரிசையில் நிற்கும். இவ்விரண்டு விவரங்களையும் ஆய்வுக்கூட உதவியாளரிடம் கேட்டு அறிய அரைமணி நேரம் போதும். ஆய்விதழ்களில் அவை கிடைக்கமாட்டா.

கான்கிரீட்டின் 28 நாளை எவராலும் 20 நாளாக்க இயலாது. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி குறைவதுபோல, கனசதுரத்தை முன்கூட்டி உடைத்தால் கிடைப்பது வேறொரு வயதின் வலிமை மட்டுமே. பிப்ரவரி முதல் வாரத்தில் வார்ப்பைத் தொடங்குபவருக்கு 90 நாள் முடிவு மே முதல் வாரத்தில் கைக்கு வரும். அம்மாத இறுதியில் ஆய்வேட்டை ஒப்படைக்கவேண்டும் என்றால், ஒரு சோதனை பிழைத்தாலும் மீண்டும் செய்ய நாள் இல்லை. சோதனை பிழைப்பது அரிதன்று. மூன்று கனசதுரங்களுள் ஏதேனும் ஒன்று சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்தச் சோதனை செல்லாது என்பது ஐ.எஸ். 456 கூறும் விதி. நவம்பரிலேயே வார்த்தவருக்குப் பிப்ரவரி நடுவில் முடிவு கிடைத்துவிடும்; தவறினால் மற்றொரு முறை வார்க்க இடமுண்டு. முதற்கட்டத்தை ‘இலக்கிய மதிப்பாய்வு’ என்ற பெயரில் படிப்புக்கு மட்டும் ஒதுக்கி, சோதனை முழுவதையும் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதனை நாம் ஏற்பதற்கில்லை. முன்னோட்டக் கலவை ஒன்றையேனும் முதற்கட்டத்தில் வார்த்துவிடவேண்டும்.

முன்மொழிவைக் கேட்கும் குழுவில் ஒருவர், ‘நிலக்கரிச் சாம்பலையும் சேர்த்துப் பாருங்களேன்’ என்று நல்லெண்ணத்துடன் சொல்வார். சொல்வது எளிது. சாம்பல் சேர்த்தும் சேர்க்காமலும் என்றால் 45 கனசதுரங்கள் 90 ஆகும், ஐந்து வார்ப்பு நாள்கள் பத்தாகும். அப்போது மாணவரின் கையில் இந்தக் கணக்குத் தாள் இருந்தால், ‘சேர்க்கலாம் ஐயா, அப்படியானால் 30, 40 விழுக்காட்டுக் கலவைகளை விட்டுவிடுகிறேன்’ என்று பணிவுடன் விடையளிக்க இயலும். தாள் இல்லாதவர் தலையசைத்துவிட்டு, ஏப்ரலில் வருந்துவார்.

பருவமும் பருவமழையும்

கட்டுமானத் துறையினர்க்கு 28 நாள்கள் எப்படியோ, நீர்வளத் துறையினர்க்குத் தென்மேற்குப் பருவமழை அப்படி. நாட்டின் பெரும்பகுதியில் அது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. மூன்றாம் பருவம் ஜூலையிலோ ஆகஸ்டிலோ தொடங்கும். முன்மொழிவு ஒப்புதல் பெறுவதற்குள் செப்டம்பர் வந்துவிடும். நகரத்துக் கால்வாயில் மழைநீர் ஓட்டத்தை அளக்கப்போவதாக அப்போது எழுதுபவர், அளப்பதற்கு மழை இல்லாத ஒரு திட்டத்தை முன்வைக்கிறார். அடுத்த மழை வருமுன் அவருடைய படிப்பு முடிந்துவிட வேண்டும். இதற்கு வழி இரண்டு. இரண்டாம் பருவத்தின் முடிவிலேயே நெறியாளருடன் பேசி, கோடை விடுமுறையில் கருவிகளைப் பொருத்திவிடலாம். இல்லையேல் கடந்தகால மழைத் தரவுகளைக் கொண்டு ஆராயும்வண்ணம் வினாவை மாற்றிக்கொள்ளலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 தொடங்கி நாடு முழுவதற்குமான நாள்வாரி மழையளவுத் தரவுகளைத் தொகுத்துள்ளது.

ராஜஸ்தானில் சூரிய மின்பலகைகளின்மேல் படியும் தூசியால் மின்னுற்பத்தி எவ்வளவு குறைகிறது என்று ஆராய விரும்புபவர்க்கு நிலைமை நேர்மாறானது. மழை கழுவிவிடும் மாதங்கள் அவருக்குப் பயன்படா. நவம்பருக்குப் பின்வரும் வறண்ட மாதங்களே அவருடைய அறுவடைக் காலம். கல்லூரி நாள்காட்டியும் அதற்கு ஒத்துழைக்கிறது.

கணினியில் மட்டுமே செய்யும் ஆய்வுகளுக்கு மழையும் இல்லை, முதிர்வும் இல்லை என்று தோன்றும். மின்தேவையை முன்கணிக்கும் ஆய்வுக்குக் கிரிட் இந்தியா நிறுவனம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கைகள் எளிதில் கிடைக்கின்றன. ஆயினும் தரவுகளைத் துப்புரவு செய்து ஒழுங்குபடுத்தும் பணி எதிர்பார்த்ததைவிட நீளும். கல்லூரி வளாகத்தில் மட்டும் இயங்கும் மென்பொருள் உரிமம் விடுமுறையில் கைவிட்டுவிடும். அண்மைக்காலமாகத் தலைப்புதோறும் ‘செயற்கை நுண்ணறிவு’ இடம்பெறுவதைக் காண்கிறோம். எந்தத் தரவு, யாருடைய அனுமதியுடன், இப்போதுள்ள எளிய முறையைவிட எவ்வளவு மேம்பட்ட முடிவு என்ற மூன்று வினாக்களுக்கு விடை இருந்தால் அச்சொல் தலைப்பில் இருக்கட்டும். இல்லையேல் அது அணிகலனே.

நிறுவனத்தில் செய்யும் திட்டப்பணி பற்றியும் இங்கே கூறவேண்டும். தொழிற்சாலையில் உண்மையான சிக்கலைக் கையாள்வது மிகச் சிறந்த பயிற்சி. பின்னர் வேலையும் கிடைக்கலாம். ஆனால் தொழிற்சாலையின் தரவு தொழிற்சாலைக்கே சொந்தம். எந்தத் தரவு தரப்படும், அதனை ஆய்வேட்டில் அச்சிடலாமா, வழிகாட்டும் அலுவலர் இடமாற்றம் பெற்றால் பொறுப்பு யாருக்கு என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்மொழி உறுதியின் வலிமை எவ்வளவு என்பதை வங்கி வாடிக்கையாளர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

படிப்பும் எழுத்தும்

முன்மொழிவுக்கு முன் எத்தனை கட்டுரைகள் படிக்கவேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எண்ணிக்கையைவிட, படித்தவற்றுள் எது தம் வினாவுக்கு மிக அருகில் நிற்கிறது, அது எங்கே நிறுத்திக்கொண்டது என்று ஒரு பத்தியில் சொல்ல இயலுவதே முதன்மையானது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. தனியார் கல்லூரி மாணவர்கள் தத்தம் நூலகச் சந்தாவையும், எவரும் இலவசமாகப் படிக்கத்தக்க ஆய்விதழ்களையும் நாடவேண்டும். காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை யாரும் படிக்கலாம். ஓர் ஆய்வின் குறைகளும் தடைகளும் ஆய்விதழ்க் கட்டுரையில் பெரும்பாலும் இடம்பெறா; ஆய்வேட்டில் இடம்பெறும். திட்டமிடுபவர்க்கு அவையே பொன்.

பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டுவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் தண்டனை வகுத்துள்ளன. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதங்களுக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி ஒப்படைக்கவேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டையும் ஒப்படைக்க இயலாது. அதற்கும் மேல் என்றால் பதிவே நீக்கப்படும். முன்மொழிவில் ‘தற்காலிகமாக’ ஒட்டிவைத்த பத்திகள் இறுதி ஏடு வரை பயணம் செய்துவிடுவது வழக்கம் என்பதால் இதனை இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

செலவும் கடனும்

கல்லூரியில் இல்லாத கருவி தேவைப்படும்போது திட்டத்தின் செலவு ஏறுகிறது. மின்னணு நுண்ணோக்கி போன்ற கருவிகளை ஐ.ஐ.டி.க்கள் உள்ளிட்ட இடங்களில் அமைந்துள்ள உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையங்களில் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம். நாடு முழுவதுமுள்ள ஆய்வுக் கருவிகளைத் தேடிப் பதிவுசெய்ய ஐ-ஸ்டெம் என்னும் தேசிய இணையவாயில் உள்ளது. கட்டணத்தோடு காத்திருப்புக் காலத்தையும் கேட்டறிந்து அட்டவணையில் சேர்க்கவேண்டும்.

கேட் தேர்வில் தகுதிபெற்று ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் சேர்ந்தவர்க்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. இருபத்தைந்தாம் மாதத்துக்கு அது இல்லை. தள்ளிப்போகும் ஆய்வேட்டின் முதற்செலவு இதுவே.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான பிற செலவுகள் என்ற தலைப்பின்கீழ்த் திட்டப்பணியும் ஆய்வேடும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. பலர் இதனை அறியாமல், கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் மட்டும் மதிப்பீடு தந்து கடன் பெற்றுவிடுகின்றனர். பின்னர் சோதனைக் கட்டணத்துக்கு நகையை எடுத்துக்கொண்டு நகைக்கடன் பிரிவுக்கு வருகின்றனர். விண்ணப்பிக்கும்போதே ஆய்வேட்டுக்கென ஒரு தொகையைச் செலவுப் பட்டியலில் காட்டுவது நல்லது. இரண்டாம் ஆண்டில், நெறியாளரும் துறைத் தலைவரும் கையொப்பமிட்ட செலவு மதிப்பீட்டுடன் கிளையை அணுகலாம். உச்சவரம்பு வங்கிக்கு வங்கி வேறுபடும்.

தவணை தொடங்கும் நாளையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அம்மாதிரித் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் விடுப்புக் காலமாகும். அக்காலத்திலும் தனிவட்டி கணக்கிடப்பட்டுக்கொண்டே இருக்கும். படிப்புக் காலம் என்பது கடன் ஆவணத்தில் எழுதப்பட்ட காலம். மாணவர் ஒரு பருவம் கூடுதலாகப் படிக்கிறார் என்பது கல்லூரிக்குத் தெரியும். நாம் அறிவிக்கப்பட்டாலொழிய வங்கியின் கணினிக்குத் தெரியாது. உரிய காலத்தில் படிப்பை முடிக்க இயலாதவர்க்கு இரண்டாண்டு வரை நீட்டிப்பு வழங்க அத்திட்டத்தில் இடமுண்டு. அதனைத் தவணை தவறிய பிறகு கேட்பதைவிட, ஒப்படைப்புத் தேதி தள்ளிப்போகிறது என்று தெரிந்த வாரமே கேட்பது எளிது. தவணை தவறிய கணக்கு கடன்தகுதி அறிக்கையில் பதிவாகிவிட்டால், அது மாணவரின் பெயரில் மட்டுமன்றி இணைக் கடனாளியான பெற்றோரின் பெயரிலும் நிற்கும்.

நீட்டிப்புக் கோரும் கடிதத்துடன் துறைத் தலைவரின் சான்றும், மீதமுள்ள பணிக்கான திருத்திய கால அட்டவணையும் இணைக்கப்படுதல் வேண்டும். ‘ஆய்வு நடைபெற்று வருகிறது’ என்று மட்டும் எழுதிய சான்றுகள் நம் மேசைக்கு நிறைய வருகின்றன. எஞ்சிய ஒன்பது கனசதுரங்கள் எந்த நாளில் வார்க்கப்படும், எந்த நாளில் உடைக்கப்படும் என்று எழுதி வந்தால், புதிய தவணைத் தேதியை அன்றே குறித்துவிடலாம்.